தொடர் நாடகங்கள் நீள வேண்டுமா, நேரத்தோடு முடிய வேண்டுமா?

கடலோர வீதி:

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சித் தொடர் எதுவானாலும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓடுவதைக் கதை என்று நான் ஏற்க மாட்டேன்.

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல் மின்தூக்கியே நின்றுபோன நாட்கள் அவை. அம்மாவின் இரவு நாடகமும் மாதக்கணக்கில் ஒழுங்காகப் பார்க்கக் கிடைக்கவில்லை. நிலைமை சீராகி அவர் மறுபடியும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். விட்ட இடத்திலேயே கதை நின்றுகொண்டிருந்தது. அதே கூடம், அதே மாமியார், பாயசத்தில் மருந்து கலந்தவர் யார் என்ற அதே விசாரணை. அதற்கிடையில் இந்த நாட்டில் பிரதமர் மாறினார், ஜனாதிபதி மாறினார், பெட்ரோலுக்குக் கியூஆர் முறை வந்தது. அந்த வீட்டில் பாயசக் கிண்ணம்கூடக் கழுவப்படவில்லை.

ஒரு கதையிலிருந்து மூன்று மாதத்தை உருவி எடுத்தாலும் ஒன்றும் குறையவில்லை என்றால், அந்த மூன்று மாதத்தை எதற்காகப் படம்பிடித்தார்கள்? நீளத்தை ஆதரிப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

கொட்டாஞ்சேனை மருமகள்:

அண்ணா, நான் சொல்கிறேன். நீங்கள் குறை என்று காட்டுவதுதான் எங்களுக்கு வசதி. இரவு ஏழு மணிக்கு நான் தொலைக்காட்சி முன் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. இடியப்பம் பிழிய வேண்டும், சின்னவனுக்குச் சொல்வதெழுதல் கொடுக்க வேண்டும், நடுவில் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். பாதி நாடகம் காதால்தான். பத்து நிமிடம் தவறினாலும் புரிய வேண்டும், இரண்டு நாள் தவறினாலும் புரிய வேண்டும். ஒரு பார்வையைத் தவறவிட்டால் கொலைகாரன் யாரென்று தெரியாமல் போகும் தொடர்கள், வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு.

என் மாமிக்கு மூன்று பிள்ளைகள். ரொறன்ரோ, பாரிஸ், லண்டன். தினமும் தொலைபேசியில் என்ன கதைப்பது? சாப்பாடு, மருந்து, அங்கே குளிர் எப்படி என்பதெல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சொந்தக்காரரைப் பற்றித் தொடங்கினால் ஐந்தாம் நிமிடம் மனஸ்தாபம். 'கோலங்கள்' ஓடிய காலத்தில் மாமியும் ரொறன்ரோ மச்சாளும் அபியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார்கள். ஆதியை இருவருமாகச் சேர்ந்து திட்டித் தீர்ப்பார்கள். யாருக்கும் நோகவில்லை, யாரும் தொலைபேசியைப் பட்டென்று வைக்கவில்லை. எட்டு அத்தியாயத்தில் முடிகிற தொடரை வைத்துக்கொண்டு இப்படி ஆறு வருடம் கதைக்க முடியுமா?

தெமட்டகொடை:

பாயசத்தில் மருந்து கலந்தது யார் என்று கடைசிவரை சொல்லவில்லையே.

கடலோர வீதி:

தொடரே சொல்லவில்லை. மூத்த மருமகளுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது.

ஆறாம் மாடி:

> வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு

என்னிடம் ஆள் இல்லை அக்கா, இயர்ஃபோன்தான் இருக்கிறது. 177 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டியிலிருந்து பத்தரமுல்லை போய்ச் சேருவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். 2022 இல் வந்த 'சுழல்' முதல் பருவம் எட்டே அத்தியாயம். 'செர்னோபில்' ஐந்து. பிபிசியின் 'ஃபோல்டி டவர்ஸ்' 1975 இல் ஆறு, 1979 இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு, இன்றுவரை சிரிக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போவதில் ஒரு மரியாதை இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு வாதமில்லை.

கணக்குப்பிள்ளை:

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்ப்போம். 1999 டிசம்பரில் தொடங்கிய 'சித்தி' 467 அத்தியாயம். 2002 இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' 811. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,533. 2014 இல் தொடங்கி 2022 இல் முடிந்த 'சந்திரலேகா' 2,300 ஐத் தாண்டியது. எல்லாத் தொடரும் இப்படி நீண்டன என்று சொல்லவில்லை. ஆனால் உச்சவரம்பு எந்தப் பக்கம் போனது என்பது தெரிகிறது.

விளம்பரம் நீக்கி அத்தியாயத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 'கோலங்கள்' மட்டும் 511 மணித்தியாலம். இரவு பகல் தூங்காமல் பார்த்தாலும் 21 நாளுக்கு மேல். 'பிரேக்கிங் பேட்' 62 அத்தியாயம் முழுவதையும் 50 மணித்தியாலத்துக்குள் பார்த்துவிடலாம். அதாவது ஒரு தமிழ்த் தொடரின் நேரத்தில் பத்துப் பெரிய தொடர்கள். மாமிமார் என்னைக் கோபிக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை மருமகள்:

கோபமில்லை. அந்த 511 மணித்தியாலமும் ஆறு வருடத்தில் பரவியிருந்தது, ஐயா. ஒரே இருப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர் யாருமில்லை. நீங்கள் ஆறு வருடத்தில் குடித்த தேத்தண்ணீரையும் ஒரே அண்டாவில் ஊற்றி அளந்து பாருங்கள்.

பழைய வானொலி:

பிள்ளைகளே, இந்தச் சண்டை தொலைக்காட்சியோடு தொடங்கியதல்ல. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலித்த காலத்தில், அந்த நேரத்துக்கு ஊரே வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்தது. அதுவும் தொடர்தான், அதற்கும் விளம்பரதாரர் இருந்தார். எஸ். ராம்தாசின் 'கோமாளிகள் கும்மாளம்' இன்னொரு வகை. அங்கே கதை முக்கியமில்லை. அந்தப் பாத்திரங்கள் ஒவ்வொருவரும் வாயைத் திறந்தால் எந்த வட்டாரத் தமிழ் வரும் என்பதற்காகவே கேட்டோம். அது பிறகு 1976 இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. இந்த இரண்டாம் வகை எத்தனை வருடம் ஓடினாலும் யாருக்கும் நட்டமில்லை. ஒவ்வொரு கிழமையும் புதிதாகத் தொடங்கி அன்றே முடிகிறது அல்லவா? சுயாதீனத் தொலைக்காட்சியில் 1987 இல் தொடங்கிய 'கோபி கடே' சிங்களத்தில் அந்த வகைதான்.

நீளத்தைக் குற்றம் சொல்பவர்கள் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்றரை வருடம். என் தகப்பனார் கல்கி இதழ் வரும் நாளில் கடைக்கே போய் நிற்பார். நீளம் கெடுக்கவில்லை, ஏனென்றால் எழுதியவருக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்திருந்தது. முடிந்த பிறகும் இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்டபோது, முடிவுரையில் பதில் எழுதினாரே தவிர, இன்னுமொரு பாகத்தைத் தொடங்கவில்லை.

கடலோர வீதி:

ஐயா, கல்கி தனி ஆள். பேனா அவர் கையில் இருந்தது. வந்தியத்தேவன் சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை, வேறு படம் கிடைத்தது என்று நடுவில் விலகவுமில்லை. தொலைக்காட்சியில் நீளம் என்பது மனிதர்களின் ஆயுளோடு விளையாடுவது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தார். அடுத்த மாதங்களில் வேறொருவர் முல்லை. 'எதிர்நீச்சல்' குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 ஆம் திகதி அதே தொடருக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்தார். அந்தப் பாத்திரம் அவருடைய குரலும் உடம்பும்தான். வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், ஆனால் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது அவருக்கே செய்த அநியாயம். 2024 ஜூனில் நிறுத்தினார்கள். சரி, மரியாதையாக முடித்தார்கள் என்று நினைத்தால், அந்த வருட டிசம்பரிலேயே இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை மருமகள்:

மாரிமுத்து இறந்த அன்று எங்கள் வீட்டில் மாமி இரவு சாப்பிடவில்லை. ஒரு வருடமாகத் தினமும் திட்டிய மனிதர். எட்டு அத்தியாயத்தில் பார்த்த நடிகருக்காக யாராவது பட்டினி கிடந்திருக்கிறார்களா என்று ஆறாம் மாடித் தம்பி சொல்லட்டும்.

ஆறாம் மாடி:

இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லவுமில்லை.

இருமொழி வீடு:

என் கணவர் சிங்களம், நான் தமிழ். எங்கள் வீட்டில் ரிமோட் கொன்ட்ரோலுக்குத்தான் இனப்பிரச்சினை. சிங்களப் பக்கத்திலும் இதே கதைதான் என்பதைச் சொல்ல வந்தேன். 'திமுத்து முத்து' என்ற ஆரம்பகாலத் தொடரிலிருந்து கிழமைக்கு ஒரு முறை, அளவான அத்தியாயங்கள் என்று வளர்ந்த மரபு அது. நல்ல நாவல்களை எடுத்துச் செய்தார்கள். இப்போது கிழமை நாட்களில் இரவுக்கு அரை மணித்தியாலம். 2017 இல் தொடங்கிய 'தெவெனி இனிம' ஆயிரம் அத்தியாயத்தைத் தாண்டியபோது என் மாமனார் ஒரு குடும்ப உறுப்பினரின் பிறந்தநாள்போல அதை அறிவித்தார்.

ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் கூடாது என்ற கடலோர வீதியின் அளவுக்கு மிகப் பொருத்தமான ஒன்று இருக்கிறது: 'ஓஷின்'. ஜப்பானில் 1983 ஏப்ரலில் தொடங்கி 1984 மார்ச்சில் முடிந்தது. நாளுக்குப் பதினைந்து நிமிடம், 297 அத்தியாயம், ஒரே வருடம். இங்கே ரூபவாஹினியில் வந்தபோது பார்த்தவர்கள் சிறுமி ஓஷினை வேலைக்கு அனுப்பி வாங்கிய அந்த அரிசி மூட்டையைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். கவனியுங்கள், அந்தத் தொடர் கிழவி ஓஷினில்தான் தொடங்குகிறது. வயதான காலத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பேரனோடு பழைய இடங்களுக்குப் போகிறாள். அங்கேயிருந்துதான் ஏழு வயதுப் பிள்ளையின் கதை விரிகிறது. முடிவு முதல் நாளே திரையில் இருக்கிறது. அந்தச் சிறுமி கடைசியில் கடை முதலாளி ஆவாள் என்று தெரிந்துகொண்டுதான் நாடே அழுதது. 297 அத்தியாயமும் அந்த இடத்தை நோக்கித்தான் நடந்தன.

பழைய வானொலி:

நான் சொல்ல வந்ததை மகள் நன்றாகச் சொல்லிவிட்டார்.

நிகழ்ச்சிப்பகுதி:

இந்த நகரத்தில் ஒரு தமிழ் அலைவரிசையின் நிகழ்ச்சிப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். பெயர் வேண்டாம். நீங்கள் எல்லோரும் எழுத்தாளர் தீர்மானிக்கிறார் என்று நினைத்து வாதிடுகிறீர்கள். எழுத்தாளருக்கே தன் தொடர் முடிவது பல நேரம் மற்றவர்களுக்குப் பிறகுதான் தெரியும்.

முதலில் சென்னை. நாடகங்கள் நீண்டு வளர்ந்த அந்தக் காலத்தில் சன் தொலைக்காட்சி பல தயாரிப்பாளர்களுக்கு நேரத்தைக் கட்டணத்துக்குக் கொடுத்தது. விளம்பர நிமிடங்களை விற்றுக் காசாக்குவது தயாரிப்பாளர் பாடு. நடுவில் தொடரை முடித்துவிட்டால் அந்த நேரம் கையை விட்டுப் போய்விடலாம். புதுத் தொடர் என்றால் புது முகங்கள், புது வீடு, பார்ப்பவர்கள் ஒட்டிக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் கைக்காசு. ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு அந்தச் செலவெல்லாம் ஏற்கெனவே தீர்ந்தது. இந்த நிலையில், கதை முடிந்துவிட்டது என்பதற்காக யார் முடிப்பார்கள்? அதற்கு முன்பு தூர்தர்ஷனில் பதின்மூன்று அத்தியாயம் என்ற அளவு இருந்தது. 13 வாரம் என்பது வருடத்தின் கால் பங்கு, ஒரு காலாண்டு நிகழ்ச்சி அட்டவணை. அதையும் எந்தக் கலைஞரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 52 என்று திட்டமிட்டு 78 வரை போனது. கதை எல்லோருக்கும் தெரியும், இருந்தும் நீண்டது.

நீட்டுவது எப்படி என்றும் சொல்கிறேன். கதவு திறக்கிறது. கூடத்தில் ஏழு பேர். ஏழு முகத்தையும் நான்கு நான்கு விநாடி காட்டுங்கள், இடி முழக்கத்தோடு. அதை மூன்று சுற்றுக் காட்டுங்கள். 84 விநாடி போய்விட்டது. வந்தவர் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. அன்றைக்கு எழுதி வந்த வசனம் பதினான்கு நிமிடத்துக்குத்தான் காணும் என்றால் மீதி இப்படித்தான் நிரம்பும். வசனத் தாள் படப்பிடிப்பு நாளன்று காலையில்தான் வரும் என்ற நிலையில் வேறு வழியும் இல்லை. கடலோர வீதி சொன்ன பாயசக் கிண்ணத்தை இயக்குநர் சோம்பலால் கழுவாமல் விடவில்லை. கையிருப்பில் நாளைக்கு ஒரு அத்தியாயம்தான் இருந்திருக்கும்.

நீங்கள் யாரும் தொடாத பக்கம் ஒன்று உண்டு. இந்த நீளத் தொடர்களும் அவசரமாகத்தான் முடிகின்றன. ஒவ்வொரு வியாழனும் வரும் பார்வையாளர் கணக்கில் இறங்கினால், நேரத்தை மாற்றுவார்கள். இன்னும் இறங்கினால் இரண்டு கிழமையில் மூடச் சொல்வார்கள். ஐந்து வருடம் சூழ்ச்சி செய்தவள் செவ்வாய்க்கிழமை திருந்துவாள், புதன்கிழமை சிறையிலிருந்து ஒருவர் வருவார், வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரு வரிசையில் நின்று கும்பிடுவார்கள். நான் ஒளிபரப்பிய தொடர்களில் பல அப்படித்தான் போயின. பார்த்தவர்களுக்கு நடந்த ஏமாற்று, நடு வருடங்களைவிட அந்தக் கடைசிக் கிழமையில்தான் அதிகம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். கொழும்பில் எடுக்கும் தமிழ்த் தொடர்கள் குறுகியவை. அளவறிந்து முடிக்கிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், காசு அவ்வளவுதான். இந்தியத் தொடரின் ஒளிபரப்பு உரிமையை வாங்கும் செலவில் உள்ளூரில் ஒரு அத்தியாயத்துக்கு விளக்கு வாடகையும் சாப்பாடும்கூடத் தேறாது. அந்த இந்தியத் தொடர் ஆயிரம் அத்தியாயம் என்றால் நிகழ்ச்சிப் பிரிவுக்கு நான்கு வருடத்துக்கு அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றிய கவலையே இல்லை. நாட்டில் நான்கில் ஒரு பங்கினர்தான் தமிழ் பேசுபவர்கள். அவர்களிலும் மாலை நேரத்தில் பாதிப் பேர் டிஷ் வழியாகச் சென்னையில் இருக்கிறார்கள். விளம்பரதாரர் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் காசோலை எழுதுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு தொடர், 26 அத்தியாயம் என்று தொடங்கியது. வத்தளையில் ஒரு தெரிந்தவர் வீடு, வேலை முடிந்து வரும் நடிகர்கள், சனி ஞாயிறு படப்பிடிப்பு. கதாநாயகன் ஒன்பதாவது அத்தியாயத்தில் திருகோணமலைக்கு பஸ் ஏறினான். பத்தாவதில் விளம்பரதாரர் விலகினார். பதினோராவதில் பின்னணிக் குரல் ஒன்று, அவன் திரும்பி வந்தான், அவர்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்றது. திரையில் அந்த பஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சீக்கிரம் முடிந்த தொடர்தான், கடலோர வீதி.

கடலோர வீதி:

என் வாதத்துக்கு எதிராக இதுவரை வந்ததில் இது ஒன்றுதான் கனமானது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காசில்லாமல் நடுவில் அறுந்ததை நான் ஆதரிக்கவில்லையே. முடிவை எழுதி வைத்துவிட்டு, பணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு படப்பிடிப்பைத் தொடங்குங்கள் என்கிறேன். இணைய மேடைகள் அதைத்தான் செய்கின்றன: எட்டு அத்தியாயத்துக்கும் முன்கூட்டியே காசு கொடுக்கப்படுகிறது. அதனால்தான் ஆறாம் மாடித் தம்பி சொன்னவை ஒழுங்காக முடிகின்றன.

இருமொழி வீடு:

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' 73 அத்தியாயம்தான், பணத்துக்கும் பஞ்சமில்லை. கடைசிப் பருவம் ஆறே அத்தியாயத்தில் ஓடி முடிந்ததென்று 2019 இல் எவ்வளவு கூச்சல். அங்கே குறை நீளமில்லாதது.

கணக்குப்பிள்ளை:

நிகழ்ச்சிப்பகுதி ஐயாவுக்கு ஒரு கேள்வி. கையில் காசு கொடுத்து, கொழும்பிலேயே எடுக்க ஒரு தமிழ்த் தொடர் செய்யுங்கள் என்றால் எத்தனை அத்தியாயம் கேட்பீர்கள்?

நிகழ்ச்சிப்பகுதி:

52. கிழமைக்கு ஒன்று, ஒரு வருடம், மணித்தியாலம் ஒன்று. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டக் குடியிருப்பு, நான்கு குடும்பம், பொதுக் குழாய் ஒன்று. கடைசி மூன்று அத்தியாயத்தையும் முதலில் எழுதி வாங்கிப் பூட்டி வைப்பேன். முடிந்தால் முதலிலேயே படமாக்கியும் விடுவேன், விளம்பரதாரர் ஓடினாலும் முடிவு கையில் இருக்கும்.

கொட்டாஞ்சேனை மருமகள்:

தோட்டமும் குழாயும் சரி. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து எடுங்கள், சாப்பாடு நான் தருகிறேன். ஆனால் கிழமைக்கு ஒன்று வேண்டாம் ஐயா. அரை மணித்தியாலமாக வெட்டித் திங்கள் முதல் வெள்ளி வரை போடுங்கள். மாமிக்கு வயது 81, ஏழு நாளில் முன்கதையை மறந்துவிடுவார்.

கணக்குப்பிள்ளை:

அப்படி வெட்டினால் 104 துண்டு, அக்கா. நாளுக்கு ஒன்று என்றால் 21 கிழமையில் முடிந்துவிடும். மாமி சண்டைக்கு வருவார்.

கொட்டாஞ்சேனை மருமகள்:

அதனால்தான் 260 கேட்கிறேன்.